எதிர்முனை மாடியில் வெள்ளைத் துணி

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. கடவுள் காப்பில் இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணனுடைய முட்டிவலியும் நலம்; அதுதான் நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது. உன் சளி விட்டதா? உன் பிள்ளை சுண்டுவுக்கு வேலை ஏதாவது அமைந்ததா? காலையில் கும்பிடும்போது அவனுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். வடக்கு முனையில் ஓட்டல் கட்டுகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? கட்டி முடித்துத் திறந்தும் விட்டார்கள். அதன் மொட்டை மாடியில் கொடி கட்டி, ஆளுயரத்துக்கு வெள்ளை விரிப்புகளை வரிசையாகத் தொங்க விடுகிறார்கள். நாள் தவறாமல். வெள்ளை, அம்மா, வெள்ளை.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கம்பத்தில் வெள்ளை விரிப்பைக் கட்டினால் குடாவின் வாயில் அலை உடைகிறது, உள்ளே வராதே என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் நீதானே ஏணியில் ஏறிக் கட்டுவாய். வெளியிலிருந்து வருகிற படகுக்கு அலையின் முதுகுதான் தெரியும். அது உடைகிற முகம் கரையில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். அதனால்தானே அந்தத் துணி.

நேற்று குடாவின் வாய் அலையே இல்லாமல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. உன் அண்ணனும் மற்றவர்களும் அந்த ஓட்டல் துணியை நம் துணி என்று நினைத்து வெளியிலேயே காத்துக் கிடந்திருக்கிறார்கள். வெயில் சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். மீன் முழுக்க நாறிப் போயிற்று. "நல்ல தண்ணிக்கு எதுக்குடி துணி கட்டின?" என்று என்னிடம் பாய்கிறார். நான் கட்டவே இல்லை.

அங்கே துணிக்கென்றே ஒருவனை வைத்திருக்கிறார்களாம். வெள்ளைத்துணி மகாராஜா. எவள் பெற்றாளோ, கடலைப் பார்த்துத் துணி காயப்போடக் கூடாது என்றுகூடச் சொல்லி வளர்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அண்ணி


ஜனவரி 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. எனக்குச் சளி விட்டது. இருமல்தான் இன்னும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. அண்ணன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சுண்டுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெளியூர். சாப்பாடும் இடமும் அவர்களே தருகிறார்கள். வெள்ளைச் சட்டைதான் போட வேண்டுமாம், நாலு தைத்துக் கொடுத்தேன். அவன் அப்பா போன பிறகு எத்தனை வாசலில் ஏறி இறங்கினான் என்று உங்களுக்குத் தெரியும். நிரந்தரம் ஆகட்டும், பிறகு விவரமாக எழுதுகிறேன். உங்கள் வேண்டுதல்தான்.

துணி விஷயம் படித்தேன். அந்தப் பையன் தெரியாமல் செய்திருப்பான், அண்ணி. அவனுக்கு மேலே யார் யாரோ இருப்பார்கள். நம் விரிப்புக்கு ஏதாவது சாயம் போட்டுப் பார்க்கலாமே.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் இருமலைக் காலி செய்யச் சொல். சுண்டு சேதி கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. எந்த ஊர், என்ன கம்பெனி என்று ஒன்றும் எழுதவில்லையே? நிரந்தரம் ஆகும்வரை வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. சரி.

நான் ஓட்டலுக்குப் போனேன். குடாவைச் சுற்றிச் சேற்றங்கரை வழியாக நடந்தே போனேன். மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதையில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"சார், துணியப் பின்பக்கம் காயப்போடுங்க. படகுக்காரங்க குழம்புறாங்க."

"பின்பக்கம் விருந்தாளிங்க ரூம்ங்க. துணி தொங்குனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப படகு கவுந்தா நல்லா இருக்குமா?"

"அம்மா, கடலுக்கு சிக்னல் குடுக்குறது எங்க வேலையும் இல்ல, உங்க வேலையும் இல்ல. துறைமுக ஆபீஸ் ஒண்ணு இருக்குல்ல?"

அங்கேயும் போனேன். குமாஸ்தா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல விளக்கு இருக்கு, மணி இருக்கு, கொடி இருக்கு. போர்வை இல்லீங்களே" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், உன் அண்ணன் கடலுக்குப் போகிறவராக இல்லாவிட்டால்.

அந்த மகாராஜாவை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் சலவை அறையின் பின்கதவு வழியாகப் போய்விட்டானாம். கோழை.

நீ சொன்னபடி விரிப்புக்குச் சிவப்புச் சாயம் போட்டேன். கையெல்லாம் சிவப்பு. படகுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

அண்ணி


பிப்ரவரி 28

அண்ணிக்கு வணக்கம்.

நலமே. தையல் வேலை நிறைய. சிவப்புச் சாயம் போட்டது நல்லது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த உப்புக் காற்று புதிதாக வருகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா? மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு? இங்கே தெரிந்தவர் ஒருவர் கடற்கரைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார், அதனால் கேட்கிறேன். நீங்கள் கொதிக்க வைக்கும் கஷாயம் எப்படிச் செய்வது என்றும் எழுதுங்கள்.

அண்ணி, கோபம் வந்தால் மேனேஜரைத் திட்டுங்கள். அந்தப் பையனைப் பெற்றவளைத் திட்டாதீர்கள். அவளும் எங்கேயோ உட்கார்ந்து பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே உடம்புக்குக் குறையில்லை, மனசுக்குத்தான். கஷாயம் செய்யும் விதம் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. உப்புக் காற்று முதலில் நெஞ்சைப் பிடிக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று உனக்குத் தெரிந்தவரிடம் சொல்.

சிவப்பு எத்தனை நாள் நின்றது தெரியுமா? ஓட்டலில் குளிக்கிறவர்களுக்கென்று பெரிய பெரிய துவாலைகள் வாங்கியிருக்கிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள். இப்போது அந்த மாடியில் இல்லாத நிறமே இல்லை. நான் எந்த நிறத்துக்குப் போவேன்? கறுப்புக் கட்டலாம் என்றேன். கறுப்பைப் பார்த்தால் வீட்டில் சாவு என்று நினைத்து விழுந்தடித்துக்கொண்டு உள்ளேதான் வருவோம் என்கிறார்கள் படகுக்காரர்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். வடக்கு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நம் தெற்கு முனை அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு இரண்டும் ஒரே மலை; நடுவில் ஒரு குடா இருப்பதே தெரியாது. வடக்கு முனையின் தோளுக்கு மேலே நம் கம்பம் எட்டிப் பார்க்கும். அந்தத் தோளில்தான் இப்போது ஓட்டல் மாடி உட்கார்ந்திருக்கிறது. நம் துணிக்கு முன்னால் அவர்கள் துணி. வாய்க்கு அடியில் இருக்கிற மணல்மேடோ ஓரிடத்தில் நிற்காது. இப்போது வழி நம் பாறையை ஒட்டிப் போகிறது. தெற்குக் காற்று தொடங்கினால் மேடு நடுவுக்கு வந்து குந்திக்கொள்ளும். உள்ளே தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருக்கும்போதே வாயில் வீடு உயரத்துக்கு உடையும். இந்தக் குடாவுக்கு இரண்டு குணம். உள்ளே சாது, வாசலில் பேய்.

இதெல்லாம் தெரிந்த நீ, அந்தப் பையன் பாவம், அவனைப் பெற்றவள் பாவம் என்று எழுதுகிறாய். உன் அண்ணன் பாவம் இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 17

நாத்தனாருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? நான் கடுமையாக எழுதியது உறுத்துகிறதா? எதுவானாலும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

நம் நெட்டையன் படகு குடாவின் வாயில் கவிழ்ந்துவிட்டது.

தெற்குக் காற்று சீக்கிரமே வந்துவிட்டது. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மணல்மேட்டில் அலை உடைய ஆரம்பித்தது. நான் சிவப்பையும் கட்டினேன், அதன்மேல் பழைய வெள்ளையையும் கட்டினேன். உன் அண்ணன் படகு பின்னால் வந்தது, நெட்டையன் முன்னால். இவர் கத்தியிருக்கிறார், "துணி தெரியுதுடா, நில்லுடா" என்று. அவன் திரும்பி, "அட போங்கண்ணே, அது ஓட்டல் துணி. என் பொண்டாட்டிகூட அவ்வளவு துவைக்க மாட்டா" என்று சிரித்திருக்கிறான். அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது. இரண்டாவது அலை படகைத் தூக்கிப் பாறையில் வைத்தது. தொடை எலும்பு மூன்றாகிவிட்டது. உயிர் இருக்கிறது. இனி கடலுக்குப் போக மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் அவனைக் கதவுப் பலகையில் வைத்துக் கரையேற்றினோம். ஓட்டல் மாடியில் அந்தத் துணிக்காரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. நான் கையைத் தூக்கி அவனைச் சபித்தேன். கரையில் அத்தனை பேர் முன்னால். சாமி முன்னால் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னேன். திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அண்ணி


மே 6

அண்ணிக்கு,

நெட்டையண்ணன் வீட்டில் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அந்தப் பையனுக்குக் கொடுத்த சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணி. உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

காற்று ஓயும்வரை அண்ணனைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


மே 30

நாத்தனாருக்கு,

நலம். நீ நலமா?

உன் அண்ணனை அனுப்பாமல் அடுப்பில் எதை வைப்பது என்று நீயே எழுது.

படகுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து துறைமுக ஆபீசில் மனுக் கொடுத்தோம். மழைக்காலம் முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பார்களாம். அலை அதுவரை பொறுத்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று குமாஸ்தாவைக் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

என் சாபம் என்னோடு இருக்கட்டும். உனக்கு உறவு நாங்களா, அந்த ஓட்டல்காரனா என்று எனக்கு விளங்கவில்லை. இதற்குமேல் எழுதினால் வம்பு.

அண்ணி


ஜூன் 19

அடியே நாத்தனாரே,

நலம் விசாரிக்கவெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. உட்கார்ந்து படி.

முந்தாநாள் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உள்ளே தண்ணீர் அசையவில்லை. கரையில் நின்று வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஒன்றும் கவனிக்கவில்லை. நான் எதற்கோ வெளியே வந்து பார்க்கிறேன், வாய் முழுக்க வெள்ளையாக உடைகிறது. மேடு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய்த் துணியைக் கட்டினேன். எதிர்முனையைப் பார்த்தேன். அங்கே வழக்கம்போல வெள்ளை, சிவப்பு, நீலம், திருவிழா மாதிரி. படகுகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. முதல் படகு உன் அண்ணனுடையது. வேகம் குறையவில்லை. நேராக வருகிறார்.

சாமி பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அப்போது அந்த மாடியில் ஒரு விரிப்பு விழுந்தது. காற்று என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. அப்புறம்தான் ஆளைப் பார்த்தேன். அவன் கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை. கொடியோடு பிடுங்கிப் பிடுங்கிச் சுவருக்கு வெளியே வீசுகிறான். விரிப்பு, துவாலை, தலையணை உறை எல்லாம் குடாவுக்குள் பறக்கிறது. பின்னாலேயே இரண்டு பேர் ஓடி வந்து அவன் தோளைப் பிடிக்கிறார்கள். அவன் உதறிவிட்டுக் கடைசிக் கொடியையும் அறுத்தான். மாடி மொட்டையாக நின்றது. கடலைப் பார்த்துத் தொங்கியது என் துணி ஒன்றுதான்.

உன் அண்ணன் படகு நின்றது. மற்றவையும் நின்றன. தண்ணீர் ஏறி மேடு மூழ்கும்வரை வெளியே கிடந்து, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

அவர்கள் கரைக்கு வருமுன்னே என் வாசலில் ஒருவன் வந்து நின்றான். கையில் தகரப் பெட்டி. வெள்ளைச் சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தை, உள்ள வரலாமா?"

"யாருப்பா நீ? என்னை எதுக்கு அத்தைங்கற?"

"சுண்டு."

சின்னப் பிள்ளையாகப் பார்த்தது. எனக்கு அடையாளம் எப்படித் தெரியும்? முதலில் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம்தான் தண்ணீர் கொடுத்தேன். நான் கஷாயம் கொதிக்க வைக்கப் போனால், "எனக்கே போடத் தெரியும் அத்தை, நீங்க எழுதி அனுப்புனதுதான்" என்கிறான். கரண்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணன் வந்தார். நனைந்த துணியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நம்ம வீட்டு மூக்கு மாதிரி இருக்கேடி" என்றார்.

"வேலைக்குச் சேந்தப்பவே இங்க வரணும்னுதான் இருந்தேன் மாமா. அத்தையோட மொத லெட்டர் வந்துருச்சு. அத்தை கோவம் ஆறட்டும், வேலை நிரந்தரமாகட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க."

"அந்தத் துணிய எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதாடா உனக்கு?"

"கேட்டேன் மாமா. மூணு தடவ கேட்டேன். வேலை வேணுமா வேணாமானு கேட்டாங்க. வேணும்னு சொன்னேன்." இதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை. "அவரைக் கதவுல தூக்கிட்டுப் போனதப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு இறங்கல."

இப்போது உன்னிடம் வருகிறேன். ஆறு மாதமாக என் வீட்டுப் பிள்ளையை என் வாயாலேயே சபிக்க விட்டாய். கோழை என்றேன், பெற்றவளைத் திட்டினேன், நீ இருமலைப் பற்றி எழுதினாய். அவனுக்கு மூச்சுத் திணறலாம், "தெரிந்தவர் ஒருவர்" என்று எழுதினாய். முதல் கடிதத்துக்கே, "அண்ணி, அது நம் சுண்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அவனையும் கூட்டிக்கொண்டு அந்த மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். நெட்டையன் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பான்.

நீ இந்தக் குடாவில் பிறந்தவள்தான். உன் கடிதமும் தட்டில் ஊற்றிய தண்ணீர்தான். வாயில் என்ன உடைகிறது என்று நான் எந்தத் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

அண்ணி


ஜூலை 3

அண்ணிக்கு,

நீங்கள் எழுதிய எல்லாம் சரி.

முதல் கடிதம் வந்த அன்று அவனுக்கு அந்த ஓட்டலில் வேலை கிடைத்த சேதியை உங்களுக்கு எழுத நான் தாளை எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தாளை உள்ளே வைத்துவிட்டேன். அண்ணன் பக்கம் பேசினால் பிள்ளை வேலை போகும். பிள்ளை பக்கம் பேசினால் அண்ணன். இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் இரண்டும் தப்பிக்கும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் நெட்டையண்ணனை நான் சேர்க்கவே இல்லை.

அவர் சேதி வந்த பிறகு சுண்டுவுக்கு ஒரே வரிதான் எழுதினேன். "வேலையைப் பார்க்காதே, வாயைப் பார்."

அவன் சாப்பிடுகிறானா?

உங்கள் நாத்தனார்


ஜூலை 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். முட்டிவலியும் பழையபடி நலம். உன் பிள்ளை சாப்பிடுகிறான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது.

என் கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டல் சேதி. மறுநாளே புது ஆளை வைத்துப் புதுக் கொடி கட்டிவிட்டார்கள். அப்போது நெட்டையன் பெண்டாட்டி கரையில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "இந்தக் குடாவுல பிடிச்ச ஒரு மீன் அந்த மாடிப்படி ஏறக் கூடாது." யாரும் விற்கவில்லை. விருந்தாளிகள் மீன் கேட்க, மேனேஜர் தானே கூடையோடு கரைக்கு வந்தார். ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அந்த வாரமே துணியெல்லாம் பின்பக்கம் போயிற்று. மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. முன்வாசலில், "விருந்தாளிகள் கடலைத் தடையின்றி ரசிக்க ஏற்பாடு" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நெட்டையன் தொடையைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றும் இல்லை. உன் பிள்ளைக்கு வேலையும் திரும்ப இல்லை. துறைமுக ஆபீசிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.

சுண்டு வீசிய துணியெல்லாம் குடா தன் வழக்கப்படி சேற்று மூலையில் கொண்டுவந்து குவித்துவிட்டது. இந்தக் குடாவுக்குள் விழுந்தது எதுவும் வெளியே போகாது. ஓட்டல்காரர்கள் வந்து சேறு படிந்ததைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் அத்தனையும் அலசினேன். நெட்டையன் கட்டிலில் இப்போது ஓட்டல் விரிப்பு. படகு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் ஆளுக்கு ஒரு துவாலை. நம் கம்பத்தில் கட்டுவதற்கும் ஒன்றை எடுத்து வைத்தேன். பெரிய கட்டிலுக்கு உள்ளது, நம் பழசைப் போல இரண்டு மடங்கு. ஓட்டல் பெயர் ஓரத்தில் தைத்திருக்கிறது. அதைப் பிரிக்கவில்லை, இருக்கட்டும்.

கம்பத்தைச் சுண்டுதான் பார்த்துக்கொள்கிறான். ஒழிந்த நேரத்தில் நெட்டையன் வீட்டுக்குப் போய் அவனைத் தூக்கி உட்கார வைக்கிறான். முதல் நாள் நெட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். இப்போது, "துணிக்காரா, முதுகச் சொறிடா" என்கிறானாம். என் சாபத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாமியிடம் பேசிவிட்டேன். மேனேஜர் பேருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நீ தைத்துக் கொடுத்த நாலு வெள்ளைச் சட்டையையும் நான் வெளியே காயப்போடுவதில்லை. சமையலறையில் கயிறு கட்டித் தொங்க விடுகிறேன். உப்புக் காற்றில் காயவே மாட்டேன் என்கிறது. நடந்தால் ஈரக் கை முகத்தில் அடிக்கிறது. வேறு ஏதாவது நிறத்தில் அவனுக்கு நாலு சட்டை தை.

தபாலில் அனுப்பாதே. எடுத்துக்கொண்டு நீயே வா. முதலில் நெட்டையன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், நானும் கூட வருகிறேன். அப்புறம் நம் வீட்டில் உனக்குத் தனியாக வசவு இருக்கிறது.

அண்ணி